அடுக்கின் ஓரத்தில் ஒரு பென்சில் கோடு

அந்த மனுசன் எந்தச் சாமானையும் நடுவில பாத்து நான் கண்டதில்லை. பாணைக் குடுத்தால் கரையைப் பாப்பார். புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு ஒருத்தர் வந்தால், வடிவா இருக்கு எண்டு சொல்லமாட்டார். "கைமடிப்பில தையல் விட்டிருக்கு" எண்டுதான் சொல்லுவார். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணை எண்டுதான் கூப்பிடுறது.

ஒருக்கால் என்ர மகளின்ர பிறந்தநாளுக்கு வீட்டை வந்தவர். ஆக்கள் எல்லாம் கேக் வெட்டுற இடத்தில நெருக்குப்பட, இவர் சுவரில தொங்கின எங்கட கலியாணப் படத்துக்குக் கிட்டப் போய் நிண்டார்.

"தங்கச்சி, மாப்பிள்ளையின்ர தோளில இருக்கிற கை ஆற்ற?"

 பன்னிரண்டு வருஷமா அந்தப் படம் அதிலதான் தொங்குது. என்ர மனுசன்ர தோளில நாலு விரல் கிடக்கிறதை வந்த சனம் ஒண்டும் கண்டதில்லை. அது அவற்ற தமையன்ர கை. காணிச் சண்டையோட கோவத்தில ஆளைப் படத்தில இருந்து வெட்டி, சட்டத்தைச் சின்னனாக்கிக் கொழுவினவர். விரலை மட்டும் வெட்ட ஏலாமல் போச்சு. வெட்டினால் மாப்பிள்ளைக்குத் தோள் இல்லை. நான் சும்மா சிரிச்சுச் சமாளிச்சன். அண்டைக்குப் பிறகு அந்தப் படத்தைப் பாக்கேக்க எனக்கு அந்த நாலு விரலும்தான் தெரியும். உப்பிடித்தான் அந்த மனுசன், நிம்மதியாக் கிடக்கிறதைக் கிளறி விட்டிட்டுப் போவார்.

இஞ்ச கனடாவில, பார்க் எக்ஸ்டென்சன் எண்ட இடத்தில ஒரு தமிழ் அச்சகத்தில நாங்கள் ஒண்டா வேலை செய்தனாங்கள். கலியாணக் கார்ட், சாமத்தியக் கார்ட், செத்த ஆக்களின்ர அந்தியேட்டிக்குக் குடுக்கிற கல்வெட்டுப் புத்தகம், சாப்பாட்டுக்கடை மெனு, எல்லாம் அடிப்பம். ஒரு பெரிய ஷீட்டில எத்தினை கார்ட் கொள்ளும், எதுக்குப் பக்கத்தில எது வரவேணும் எண்டு கம்ப்யூட்டரில அடுக்கிறது அண்ணையின்ர வேலை. அடிச்சு வந்த ஷீட்டை வெட்டு மெசினில வைச்சு வெட்டுறது நான்.

அச்சு வேலையில ஒரு வழக்கம் இருக்கு. ஒழுங்கா அடுக்கின கடுதாசிக் கட்டின்ர பக்கவாட்டில, மேல இருந்து கீழ சரிவா ஒரு பென்சில் கோடு இழுத்து விடுறது. இடையில ஒரு தாளை ஆரும் உருவினாலோ மாத்தி வைச்சாலோ, அந்தக் கோடு அவ்விடத்தில உடைஞ்சுபோம், பாத்த உடன தெரியும். மற்ற ஆக்கள் பெரிய வேலையளுக்குத்தான் அதைச் செய்யிறது. இவர் எல்லாத்துக்கும் கோடு. நூறு கார்ட்டுக்கும் கோடு. மூலையில கிடக்கிற பழைய பேப்பர் கட்டுக்கும் கோடு. சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள இருந்த ரொட்டி மட்டும்தான் தப்பினது.

நான் சேந்த முதல் கிழமை, நான் வெட்டி அடுக்கின கட்டிலயும் வந்து இழுத்தார். எனக்குக் கோவம் ஏறிச்சுது.

"என்ன அண்ணை, நான் கள்ளியோ?"

"உங்களை இல்லைத் தங்கச்சி. கடுதாசியை நம்பேலாது."

"கடுதாசிக்குக் காலோ இருக்கு, எழும்பி நடக்க?"

சிரிக்கேல்லை. அந்த மனுசன் சிரிக்கிறதே குறைவு. வாயின்ர ஒரு பக்கம் கொஞ்சம் இழுபடும், அவ்வளவுதான்.

ஊரில காணி அளக்கிற கந்தோரில வேலை செய்தவராம். வேலிக் கதியாலை ராவோட ராவா ஒரு சாண் தள்ளி நட்டுப்போட்டு, "அது எங்கட அப்பு காலத்தில இருந்து அங்கதான் நிக்குது" எண்டு கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுற ஆக்களோட வருஷக்கணக்கா மாரடிச்சவர். அப்பிடிப்பட்டவருக்கு ஆரில நம்பிக்கை வரும்? மனிசி பிரான்சில இருக்கிறா எண்டு ஒருத்தர் சொன்னார், எப்பவோ செத்துப்போனா எண்டு இன்னொருத்தர். அவரிட்டைக் கேக்க எங்கள் ஒருத்தருக்கும் துணிவு வரேல்லை.

அவற்ற மற்ற விசர் அந்தச் சிகரெட் அட்டையள்.

கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னம் அமெரிக்காவிலயும் இஞ்ச கனடாவிலயும் சிகரெட் பெட்டிக்குள்ள ஒரு சின்ன அட்டை வைச்சு வித்தவங்களாம். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம். பேஸ்போல் விளையாடுறவன்ர படம், கீழ அவன்ர பேர். எங்கட சனத்துக்குக் கிரிக்கெட்டே காணும், பேஸ்போலை ஆர் பாத்தது? இவரும் பாக்கிறதில்லை. ஒருநாள் ரேடியோவில மாட்ச் போக, காதுக்குள்ள குடையுது, நிப்பாட்டுங்கோ எண்டவர். ஆர் நல்லா அடிச்சவன், ஆர் வெண்டவன், ஒரு இழவும் தெரியாது. அச்சடிச்ச நேரம் அந்தப் பெரிய ஷீட்டில ஆருக்குப் பக்கத்தில ஆர் இருந்தவன்? அது மட்டும்தான் அவருக்கு வேணும்.

முழு ஷீட் ஒண்டும் மிஞ்சேல்லையாம். எல்லாத்தையும் வெட்டிப் பெட்டியளுக்குள்ள போட்டு வித்தாச்சு. அதால வெட்டேக்குள்ள கை பிசகின அட்டையளைத்தான் அவர் தேடித்தேடி வாங்குறது. சரியா வெட்டின அட்டை அவருக்குச் சதத்துக்கும் உதவாது. கோணலா வெட்டினதில, ஒரு ஓரத்தில பக்கத்து அட்டையின்ர நிறம் நூலளவில ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். சிலதில மேல் ஓரத்திலயும் ஒரு பேர் இருக்கும்.

"பாருங்கோ தங்கச்சி, மேலயும் கீழயும் ஒரே பேர். அப்ப ஒரே ஆளை ஒண்டுக்குக் கீழ ஒண்டா அடுக்கியிருக்கிறாங்கள். பக்கத்திலதான் வேற ஆள். அந்த அயல் ஆர் எண்டதுதான் கேள்வி."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறியள்?"

"தெரிஞ்சால் தெரிஞ்சது."

மத்தியானம் சாப்பிட்டு முடிய மேசையைத் துடைச்சுப்போட்டு அட்டையளை முகம் குப்புற அடுக்குவார். அச்சுத் தகட்டில கீறல் விழுந்திருந்தால் அது பின்பக்கத்தில மெல்லிய கோடா விழுந்திருக்கும். ஒரு அட்டையில தொடங்கின கீறல் அடுத்ததுக்குப் போய், அதுக்கும் அடுத்ததில முடியும். கீறலோட கீறல் பொருந்தினால் ரெண்டும் அயல். கட்டில இழுக்கிற பென்சில் கோடும் இதுவும் ஒரே சங்கதிதான். "முகத்தைப் பாத்தால் ஒண்டும் விளங்காது," எண்டுவார். "எல்லாரும் வடிவாத்தான் நிக்கிறாங்கள்."

மூண்டாம் வரிசையில ஒரு இடம் மட்டும் வெறுமையாக் கிடந்தது. ரெண்டு வருஷமா அப்பிடியே கிடந்தது, பல்லு விழுந்த பிள்ளையின்ர வாய் மாதிரி. சாப்பிடேக்குள்ளயும் அவற்ற கண் அந்த ஓட்டையிலதான் நிக்கும்.

அந்த இலையுதிர் காலத்திலதான் எனக்கு ஐமிச்சம் பிடிச்சது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வெட்டு மெசினுக்குக் கீழ இருக்கிற தட்டைத் துடைச்சு வைச்சிட்டுத்தான் நான் வீட்டை போறது. திங்கள் காலமை வந்து பாத்தால் தட்டில தலைமயிர் அளவில வெட்டின துண்டுகள். எங்கட கடுதாசி இல்லை. பழுப்பேறின பழைய அட்டை. ஒண்டில பச்சை ஒட்டியிருந்தது, இன்னொண்டில செம்மஞ்சள். மெசினில கடுதாசியை முட்டக் குடுக்கிற அளவுக் கட்டையும் நான் விட்ட இடத்தில இல்லை. ஒரு கிழமை எண்டால் பரவாயில்லை, கிழமைக்குக் கிழமை இதே கதை.

அச்சகத்துக் கதவுப் பூட்டுக்கு மூண்டு திறப்பு. ஒண்டு முதலாளியிட்டை, ஒண்டு என்னட்டை, மற்றது அண்ணையிட்டை. பழைய அட்டையோட திரியிறவர் ஆர்? என்ர ஐமிச்சம் வேற எங்க போகும், சொல்லுங்கோ!

அந்த அட்டையளில நடக்கிற களவை எனக்கு விளங்கப்படுத்தினதும் அவர்தான். மூலை தேய்ஞ்ச அட்டையைச் சுத்திவர ஒரு மயிரளவு வெட்டினால் மூலை நாலும் கூராகும், பழசு புதுசாகும், விலை எங்கயோ ஏறும். கோணலா வெட்டி ஒரு பக்கம் அகலமா வந்த அட்டைதான் அதுக்குத் தோது, வெட்ட இடம் இருக்கும். "தெரியாதவன் வாங்கி ஏமாறுவான். நல்ல மெசினும் நல்ல கையும் இருந்தால் காணும்," எண்டார். நான் அப்ப வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தனான். பேந்து யோசிக்க, இந்த மனுசனுக்கு உது எல்லாம் இவ்வளவு வடிவாத் தெரியிறது எப்பிடி எண்டு ஐமிச்சம் கூடிச்சுது.

ஆத்துக்கு அங்கால லவாலில இந்த அட்டையளை விக்கிற ஒரு வெள்ளை இருந்தவன். அவன்ர விலைப்பட்டியல் எங்கட அச்சகத்திலதான் அடிக்கிறது. "போன்ஜூர் மடாம்" எண்டு பல்லைக் காட்டிக்கொண்டு வருவான், முதலாளியின்ர அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக் கதைப்பான், போவான். அண்ணைக்கு அவனைக் கண்ணில காட்டேலாது. ஆனால் ஒரு சனிக்கிழமை ஹென்றி-புராசா மெட்ரோவில, லவால் பஸ்ஸுக்கு அண்ணை நிக்கிறதை நான் என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டன். அப்ப லவாலுக்கு மெட்ரோ இல்லை. ஓகோ, பகலில பகையாளி மாதிரி நடிச்சுப்போட்டு, வெட்டின அட்டையளை அவனிட்டைத்தான் கொண்டுபோய்க் குடுக்கிறீர் எண்டு நினைச்சன்.

எனக்கு ஏன் இவ்வளவு பதகளிப்பு எண்டால், மெசின் என்ர பொறுப்பு. "வெளிவேலை ஆரும் இதில செய்து பிடிபட்டால் அண்டைக்கே வீட்டை போகலாம்" எண்டு முதலாளி சொல்லி வைச்சிருந்தவர். அம்மாவைக் கூப்பிட நான் ஸ்பொன்சர் போட்டிருந்த நேரம். என்ர மனுசனுக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பை நிமித்தி வேலைக்குப் போகேலாது. என்ர வேலைக் கடிதத்திலதான் அந்தப் பைல் நிண்டது. அம்மா கொழும்பில ஒரு லொட்ஜ் அறையில, தமிழ் ஆக்களைச் சோதிக்கப் பொலிஸ் வந்து கதவில தட்டத் தட்ட நடுங்கிக்கொண்டு இருந்தவ. என்ர வேலை போனால் அம்மா அங்கதான். அதை நினைக்க எனக்குச் சோறு இறங்காது.

வெட்டு மெசின் கத்தியில ஒரு சின்னப் பல்லு விழுந்திருந்தது. வெட்டுற எல்லா ஓரத்திலயும் ஒரு மெல்லிய தழும்பு வரும். தீட்டக் குடுப்பம் எண்டன். அண்ணை பதறிப்போனார்.

"ரெண்டு கிழமை பொறுங்கோ தங்கச்சி. இப்ப குடுக்காதேங்கோ."

"ஏன்?"

"பேந்து சொல்லுறன்."

அவற்ற பேந்து எந்தக் காலத்தில வந்தது? அதோட இன்னொரு புதினம். என்ர கட்டுகளில கோடு இழுக்கிறதை அவர் நிப்பாட்டிப்போட்டார். பைண்டிங் செய்யிற அக்காவின்ர கட்டில இழுப்பார், முதலாளி கொண்டுவந்து வைக்கிற கட்டிலயும் இழுப்பார், என்ர கட்டைத் தாண்டிப் போவார். நான் என்ன நினைச்சன் தெரியுமோ? கோடு இருந்தால் உருவினது தெரிஞ்சுபோம், அதுதான் என்ர கட்டில இழுக்கிறார் இல்லை, என்ர தலையில ஏதோ கட்டப் போறார் எண்டு நினைச்சன்.

ஒரு திங்கள் வெள்ளன போனன். மனுசன் மெசினுக்கு முன்னால முழங்காலில நிண்டு, முள்ளு எடுக்கிற சிமிட்டாவால தட்டில கிடந்த துண்டுகளை ஒவ்வொண்டாப் பொறுக்கிறார்.

"என்ன அண்ணை பொறுக்கிறியள்?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "ஒண்டுமில்லைத் தங்கச்சி. குப்பை."

"குப்பையை ஆரும் சிமிட்டாவால எடுக்கிறவையோ?"

"பேந்து சொல்லுறன்."

அந்தக் கிழமை வியாழக்கிழமை, கைக்கத்திக்குப் புது அலகு எடுக்க என்ர மேசை லாச்சியைத் திறந்தன். அலகுப் பெட்டிக்குக் கீழ ஒரு கடித உறை. உள்ளுக்கு அந்தத் துண்டுகள், ஒவ்வொண்டையும் சின்னக் கடுதாசியில ஒட்டி, நம்பரும் திகதியும் போட்டு. அவற்ற கையெழுத்துத்தான். என்ர லாச்சியில!  நாளைக்கு ஆரும் வந்து தேடினால் அம்பிடப் போறது நான். பாவி மனுசன், வேற இடமே கிடைக்கேல்லையோ எண்டு வாய்க்குள்ள திட்டிக்கொண்டு, உறையைக் கொண்டுபோய் முதலாளியின்ர மேசையில வைச்சன்.

"அண்ணை என்ர லாச்சியில ஒளிச்சு வைச்சிருக்கிறார். எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

முதலாளி உறையைத் திறந்து பாத்தார். கன நேரம் பாத்தார். "இவ்வளவுதானோ, வேறயும் இருக்கோ?" எண்டு கேட்டார். "வேற ஆரும் கண்டவையோ?" எண்டும் கேட்டார். இல்லை எண்டன். உறையை மடிச்சுச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சார். "நல்ல வேலை செய்தனீங்கள் பிள்ளை. உங்கட வேலைக் கடிதத்தை இண்டைக்கே அடிச்சுத் தாறன்," எண்டார். எனக்குக் கண்ணீரே வந்திட்டுது, அவ்வளவு ஆறுதல்.

அடுத்த நாள் காலமை அண்ணையை வேலையால நிப்பாட்டியாச்சு. அவர் சாப்பாட்டுப் பெட்டியையும் அட்டைப் பெட்டியையும் ஒரு பையில வைச்சார். என்ர மேசைக்குக் கிட்ட வந்து நிண்டார்.

"லாச்சியில இருந்ததை எடுத்தனீங்களோ தங்கச்சி?"

"ஓம்."

"ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?"

"முதலாளியிட்டை. வேற ஆரிட்டைக் குடுக்கிறது?"

 "சரி," எண்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு ஸ்னோவுக்குள்ள இறங்கிப் போனார். நான் நிமிந்தும் பாக்கேல்லை. தொலைஞ்சுது சனியன் எண்டுதான் நினைச்சன்.

திங்கக்கிழமை வந்து தட்டைப் பாத்தன். பழுப்பு அட்டைத் துண்டுகள் மூண்டு கிடந்தது.

 அண்ணையின்ர திறப்பை வெள்ளிக்கிழமையே வாங்கியாச்சு. என்ர திறப்பு என்ர கைப்பையில. மிச்சம் ஆற்ற திறப்பு? அப்பத்தான் எனக்கு ஓடி விளங்கிச்சுது: அந்த உறையைத் திறந்து பாத்த முதலாளி, இது என்ன எண்டு மட்டும் கேக்கேல்லை.

ரெண்டு கிழமை கழிச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலால வரேக்க அந்தப் பக்கத்தால நடந்து போனன். அச்சகத்து வாசலில லவால்க்காரன்ர கார். உள்ளுக்கு வெட்டு மெசின் இறங்குற சத்தம், நான் நித்திரையிலயும் சொல்லுவன் அந்தச் சத்தத்தை. கள்ளனைப் பிடிக்க நிண்ட மனுசனை நான் கள்ளனிட்டையே பிடிச்சுக் குடுத்திருக்கிறன். அதுக்கு மேல ஒரு கடிதமும் வாங்கியிருக்கிறன்.

வாயைத் திறந்தனோ? இல்லை. திறந்தால் வேலை போம், வேலை போனால் அம்மா அந்த லொட்ஜில. வெக்கமா இருக்குச் சொல்ல, ஆனால் உண்மை அதுதான். ஒண்டு மட்டும் செய்தன். திங்கள் திங்கள் தட்டில கிடந்த துண்டுகளைச் சிமிட்டாவால பொறுக்கி, வெள்ளைக் கார்ட்டில ஒட்டி, திகதி எழுதி வைச்சன். கார்ட் ஒண்டுக்கு மேல ஒண்டா உயந்தது. அம்மா வந்து இறங்கேக்க முப்பத்தொரு கார்ட்.

அம்மா வந்த மற்றக் கிழமை வேலையை விட்டன். பைண்டிங் அக்காவிட்டை விலாசம் வாங்கி, மஞ்சள் லைன் மெட்ரோ ஏறி லொங்குய்யுக்குப் போனன். ஒரு வீட்டின்ர கீழ் அறை. கதவுச் சங்கிலியைக் கழட்டாமல் எட்டிப் பாத்தார். முதல்ல என்ர முகத்தைப் பாக்கேல்லை, எனக்குப் பின்னால ஆரும் நிக்கினமோ எண்டு பாத்தார். பேந்துதான் திறந்தார்.

சுவரில அந்த ஷீட், அட்டை அட்டையா, வரிசை வரிசையா. மூண்டாம் வரிசையில ஓட்டை அப்பிடியே இருந்தது.

கார்ட் கட்டை மேசையில வைச்சன். "அண்ணை, நான் பெரிய பிழை விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் பூதக்கண்ணாடியை எடுத்து முதல் கார்ட்டைப் பாத்தார். "லவால்க்காரன்ர கடையில எல்லா அட்டைக்கும் மூலை புதுசு," எண்டார். "ஓரத்தில எங்கட கத்தியின்ர தழும்பு. கடையில போய்ப் பாத்துத்தான் பிடிச்சனான். சாட்சிக்கு வெட்டி எறிஞ்ச துண்டு வேணும் எண்டு நிண்டனான். அதில அயலும் இருக்குமெல்லே."

"ஏன் அண்ணை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"உங்கட அம்மாவின்ர அலுவல் கிடந்தது. தெரிஞ்சால் உங்களுக்குக் கரைச்சல்."

"அப்ப ஏன் என்ர லாச்சியில வைச்சனீங்கள்?"

"என்ர மேசையை முதலாளி துளாவுறவர்." கண்ணாடியில இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "வேற எங்க தங்கச்சி வைக்கிறது?"

எனக்கு அழுகை வந்திட்டுது. கோடு இழுக்காமல் என்ர கட்டைத் தாண்டித் தாண்டிப் போனது ஏன் எண்டு அப்பத்தான் மண்டையில ஏறிச்சுது. இந்த உலகத்தில ஒருத்தரையும் நம்பாத மனுசன், ஒரே ஒரு ஆளை நம்பிப் பாத்திருக்கிறார்.

அவர் முப்பத்தொரு கார்ட்டையும் ஒவ்வொண்டாப் பாத்து முடிச்சார். பதினேழாவதில கொஞ்சம் நிண்டு, "அயல் பச்சை," எண்டு தனக்குள்ள சொல்லி, சுவரில இருந்த ஓட்டையை ஒருக்கால் திரும்பிப் பாத்தார். வாயின்ர ஒரு பக்கம் இழுபட்டுது. பிறகு கார்ட்டையெல்லாம் ஒண்டாக்கி, மேசையில தட்டி, நாலு பக்கமும் நேராக்கினார். காதில செருகியிருந்த பென்சிலை எடுத்தார். என்ர கண்ணுக்கு முன்னாலேயே, கட்டின்ர பக்கவாட்டில, மேல இருந்து கீழ சரிவா ஒரு கோடு இழுத்தார்.

"சீனி போடுறனீங்களோ தங்கச்சி?" எண்டு கேட்டுக்கொண்டு, தேத்தண்ணி ஊத்தக் குசினிக்குள்ள போனார்.